கடலோரப் பள்ளிக்கூடங்கள் – 9: அக்கரைக்கு வந்த அம்மையார்

சாந்தோம் தேவாலயத்திலிருந்து தெற்கே நடந்தால் பட்டினப்பாக்கம். அதையும் தாண்டினால் சீனிவாசபுரம். அதோடு நிலம் தீர்ந்து அடையாற்று முகத்துவாரம் வந்துவிடும். எதிர்க்கரையில் அடர்ந்து தெரிகிற தோப்பு பிரம்மஞான சபையுடையது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். சாலை வழியே போனால் ஊரைச் சுற்ற வேண்டும். சென்ற இதழில் அந்தத் தோப்புக்குள் கர்னல் ஆல்காட்டோடு போய் நின்றோம். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சாந்தோம் கரையின் பிள்ளைகளுக்குப் பின்னால் வந்துசேர்ந்த ஒரு வகுப்பறை அங்கிருந்துதான் புறப்பட்டது. வந்த வழி மட்டும் நேர்வழி அல்ல.

முந்தைய கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 1894-ல் ஊரூரில் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி, தீண்டாமைக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கானது. அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அதே மாதிரிப் பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். 1898-ல் அயோத்திதாச பண்டிதர் ஆல்காட்டோடு கொழும்பு போய் பௌத்தம் தழுவியதும் இதே காலத்துச் செய்திதான். ஆல்காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் மதத்தைப் பேசுவார்கள், சாதியைப் பேசுவார்கள். பாடம் எப்படி நடந்தது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இந்தப் பள்ளிகளை மேற்பார்த்த சாரா பால்மரும் அல்மாய் கோர்ட்ரைட்டும் அமெரிக்கப் பெண்கள். ஜெர்மனியின் பிரோபல் வகுத்த கிண்டர்கார்டன் முறையை அவர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்வதற்கு முன்னால், பிள்ளை ஒரு பொருளைக் கையில் எடுத்து உருட்டி, அடுக்கி, பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இப்படித்தான் கற்பிக்கிறோம் என்று 1906-ல் கோர்ட்ரைட் ஒரு சிறு நூலே எழுதினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்று ‘விசாரித்துக் கற்றல்’ என்றதும் நமக்கு உயர்ந்த மதில், ஏசி வேன், ஆண்டுக்குச் சில லட்சம் கட்டணம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கரையில் அது முதலில் நுழைந்தது சேரிப் பிள்ளைகளின் பள்ளிக்குள். இந்த இதழில் நான் சொல்ல வருவது இதுதான்: ஏழைக்கென்று வந்தது, பிறகு பணமுள்ளவர் வாசலுக்குக் குடிபோனது, திரும்பி வர நூறாண்டு பிடித்தது.

ஆல்காட் 1907 பிப்ரவரி 17 அன்று அடையாற்றில் இறந்தார். அதற்கு ஆறு வாரம் முன்னால், ஜனவரி 6 அன்று, ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் ஒரு பெண் மருத்துவர் ஐம்பது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஓர் அறையைத் திறந்திருந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போன பின் பிள்ளைகள் மாடிப்படியில் கிறுக்கிச் சுவரைப் பாழாக்குகிறார்கள் என்பது வீட்டுச் சொந்தக்காரர்களின் கவலை. அவர்களைக் கட்டிமேய்க்க ஆள் தேவைப்பட்டது. அந்த மருத்துவர் மரியா மாண்டிசோரி. (நம் சாந்தோமில் செயின்ட் பீட்ஸ் பள்ளி தொடங்கியதும் அதே 1907-ல்தான். இந்த மூன்றுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு கிடையாது. ஆண்டு ஒன்றாக இருப்பதைச் சொல்லிவைத்தேன், அவ்வளவே.)

மாண்டிசோரியின் முறைக்கு மூலம் இன்னும் பின்னால் இருக்கிறது. பாரிஸ் நகரத்துக் காது கேளாதோர் பள்ளியில் மருத்துவராக இருந்த இட்டார்டும், அவருடைய சீடர் செகனும் எழுதியவற்றை அவர் தன் கையாலேயே இத்தாலியனில் பெயர்த்து எழுதிப் படித்தார். காதும் வாயும் உதவாத பிள்ளைக்கு எதையும் கண்ணாலும் விரலாலும்தான் கொண்டுசேர்க்க முடியும். அந்த வழியையே எல்லாப் பிள்ளைக்கும் ஏன் திறக்கக் கூடாது என்று கேட்டார். சாந்தோம் நெடுஞ்சாலையில் காது கேளாத பிள்ளைகளுக்கான சி.எஸ்.ஐ. பள்ளி இருப்பதை இந்தத் தொடரின் வாசகர்கள் அறிவார்கள். கல்வி முறைகளின் வரலாற்றில் இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு உரிய இடத்தை யாரும் கொடுப்பதில்லை.

1939-ல் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் அருண்டேல். அவரும் மனைவி ருக்மிணி தேவியும் ஹாலந்துக்குப் போய் மாண்டிசோரியைச் சந்தித்து, சென்னைக்கு வரும்படி அழைத்தார்கள். முசோலினியோடு ஒத்துப்போகாமல் இத்தாலியை விட்டு வெளியேறியிருந்த அம்மையாருக்கு அப்போது 69 வயது. ஐரோப்பாவில் போர் மூண்டு இரண்டே மாதத்தில், நவம்பரில், மகன் மாரியோவோடு விமானத்தில் வந்து இறங்கினார். மூன்று மாதப் பயிற்சி நடத்திவிட்டுக் கொஞ்சம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்பது திட்டம்.

ஆல்காட் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். அம்மையார் இத்தாலியனில் பேசுவார். மாரியோ வாக்கியத்துக்கு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்வார். மேசையில்தான் அவருடைய பாடம். பத்து மரக் கட்டைகள், சிறியது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் கோபுரம் நிற்கும். வரிசை மாறினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். துளையிட்ட மரப்பலகையில் உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று இடமில்லாமல் கையில் மிஞ்சும். ‘தப்பு’ என்று ஆசிரியை சொல்லத் தேவையில்லை, மிஞ்சிய உருளையே சொல்லிவிடும். எழுத்துகள் உப்புத்தாளில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். பிள்ளை விரலால் தடவிப் படிக்கும். ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என்று எண் கைக்கு வரும். ஆயிரம் என்றால் எவ்வளவு கனம் என்று நாலரை வயதுப் பிள்ளை தூக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளும்.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அம்மையாரைச் சிறைக்கு அனுப்பாமல் சபையின் வளாகத்துக்குள்ளேயே இருக்கும்படி கட்டுப்படுத்தினார்கள். ஆகஸ்ட் 31 அவருடைய எழுபதாவது பிறந்த நாள். அன்று வைஸ்ராயின் தந்தி வந்தது: பிறந்த நாள் பரிசாக மகனை விடுவிக்கிறோம் என்று. அதில் ஒரு குடும்ப நாடகமும் அடங்கியிருந்தது. மணமாகாத தாய்க்குப் பிறந்த மாரியோவை அதுவரை உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன் என்றெல்லாம் சொல்லியே ஊருக்கு அறிமுகம் செய்துவந்தார்கள். மகன் என்ற உறவு அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அடையாற்றுக்கு வந்த தந்தியில்தான்.

1942-ல் ஜப்பான் படை வருகிறது என்ற பயத்தில் சென்னையே காலியானபோது அம்மையார் கொடைக்கானலுக்குப் போனார். இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பிடித்த அத்தியாயம் இதுதான். அதுவரை அவருடைய முறை ஆறு வயதுக்குட்பட்டவர்களோடு பெரும்பாலும் நின்றிருந்தது. அதன் மீது ஒரு குற்றச்சாட்டும் இருந்தது: கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கில்பாட்ரிக் 1914-லேயே ஒரு நூல் எழுதி, இந்தக் கட்டைகளும் உருளைகளும் பிள்ளையை ஒரே வேலைக்குள் அடைத்துவிடுகின்றன என்றார். கோபுரக் கட்டைகளைக் கோபுரமாகத்தான் அடுக்கலாம். அடுத்ததாக என்ன கேட்கலாம் என்பதைப் பொருளைச் செய்தவர் முன்பே முடிவுசெய்துவிட்டார். எனக்கு இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. கொடைக்கானலில் நிலைமை வேறு. ஓடையும் பாசியும் பூச்சியும் பாறையும் வாசலிலேயே கிடந்தன; வந்த பிள்ளைகள் ஆறு வயதைத் தாண்டியவர்களும்கூட. அவர்கள் பொறுக்கிவந்ததையெல்லாம் வைத்துக்கொண்டு, பூமி எப்படி உண்டானது, உயிர் எப்படி வந்தது, மனிதன் எப்படி எழுதக் கற்றான் என்று பெரிய கதைகளாகச் சொல்லி, கதையின் நடுவே எழுகிற கேள்விகளின் பின்னால் பிள்ளைகளைப் போகவிடும் முறை அங்கேதான் முழு வடிவம் பெற்றது. உலகெங்கும் மாண்டிசோரித் தொடக்கப் பள்ளிகள் இன்றும் பின்பற்றுகிற ‘பிரபஞ்சக் கல்வி’ நம் பழனி மலையில் உருவானது என்பதை இங்கே எத்தனை பேர் அறிவார்கள்?

போர் முடிந்து 1946-ல் ஐரோப்பா போனவர் 1947-ல் மறுபடி வந்து, 1949 வரை இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தார்கள். அவருடைய முக்கியமான நூல்கள் பல அடையாற்று முகவரியோடுதான் முதலில் அச்சாயின. மூன்று மாதத்துக்கென்று வந்தவர் இப்படிப் பெரும்பகுதிப் பத்தாண்டை இந்தியாவில் கழித்தார்.

அந்த ஆயிரம் பேர் எங்கே போனார்கள் என்று பார்த்தால்தான் அடுத்த கதை புரியும். கட்டை, உருளை, மணி எல்லாம் தச்சர் கையால் அளவு பிசகாமல் செய்யப்பட வேண்டியவை. விலை கூடுதல். பயிற்சி பெற்ற ஆசிரியை அரிது. வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருந்தால் நல்லது என்று பெற்றோர் நம்பினார்கள். ஆக, சான் லொரென்சோவின் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை சென்னையில் வக்கீல் வீட்டு, டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கானதாகிவிட்டது. பிற்பாடு நிலைமை இன்னும் மோசம். எல்.கே.ஜி.க்கு முன்னால் ஒரு அறையும் நாலு பிளாஸ்டிக் பொம்மையும் வைத்துக்கொண்டு வாசலில் ‘மாண்டிசோரி’ என்று போர்டு மாட்டாத தெரு மயிலாப்பூர் வட்டாரத்தில் உண்டா? அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். தடுக்க ஆள் இல்லை. வடகரையின் குப்பங்களுக்கோ அந்தப் போர்டுகூட வரவில்லை. மாநகராட்சிப் பள்ளியில் ‘அ’ன்னா, ‘ஆ’வன்னா என்ற கூட்டுக் கத்தலே தொடர்ந்தது.

திரும்பி வந்த வழி வேறு. அதற்கும் ஊற்று அடையாற்றுக் கடற்கரைதான். 1909-ல் அந்தக் கரையில் விளையாடிக்கொண்டிருந்த, மதனப்பள்ளியில் பிறந்த பையனைச் சபையின் லெட்பீட்டர் கண்டெடுத்தார். உலக குருவாக வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி 1929-ல் தனக்கென அமைக்கப்பட்ட இயக்கத்தையே கலைத்துவிட்டு, எந்தப் பதிலையும் யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளாதே, நீயே பார் என்று ஐம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பேசினார். அவருடைய கடைசிப் பொதுப் பேச்சும், 1986 ஜனவரியில், சாந்தோமிலிருந்து அதிக தூரமில்லாத கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரத்தில்தான் நடந்தது. சென்னை கிண்டியிலிருந்த பிரம்மஞானப் பள்ளி 1931-ல் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிக்குக் குடிபெயர்ந்து அவருடைய கல்விச் சிந்தனையின் களமாயிற்று. அதுவும் வசதியுள்ளவர்களின் உறைவிடப் பள்ளிதான். ஆனால் அதைச் சுற்றியிருந்த கிராமங்களுக்காக ரிஷிவேலியில் ஒரு கிராமக் கல்வி மையம் இயங்கியது. 1980களின் பிற்பகுதியிலிருந்து பத்மநாப ராவ், ராமா ராவ் தம்பதியர் அங்கே ஒரு வேலையில் இறங்கினார்கள். ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்புப் பிள்ளைகள்: இதுதான் அவர்களுக்கு முன்னால் இருந்த கணக்கு. கோலார்ப் பக்கம் நீல்பாக் என்ற பள்ளியை 1972-ல் தொடங்கிய டேவிட் ஹார்ஸ்பரோவின் யோசனைகளும் அவர்களுக்குக் கைகொடுத்தன. பாடப் புத்தகத்தைப் பிரித்துச் சின்னச் சின்ன அட்டைகளாக்கி, அட்டைகளை ஓர் ஏணிப் படத்தில் வரிசைப்படுத்தினார்கள். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். உருளைக்கும் மணிக்கும் செலவான பணத்தில் ஒரு துளிதான் அச்சடித்த அட்டைக்கு ஆகும்.

அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் எம்.பி. விஜயகுமார், ஐ.ஏ.எஸ். வேலூரில் ஆட்சியராக இருந்தபோது வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்குப் பள்ளி நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. பல ஆண்டு பீடி சுற்றிய பிள்ளையை உட்காரவைத்து எழுத்தைக் கத்தச் சொன்னால் நிற்காது, ஓடிவிடும் என்பது அங்கே கண்கூடு. மாநகராட்சி ஆணையராக வந்ததும் தன் ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். போய் வந்தவர்களே உட்கார்ந்து தமிழுக்கும் கணக்குக்கும் அட்டை எழுதினார்கள். கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் சென்னைப் பள்ளியான ‘தி ஸ்கூல்’ சார்ந்தவர்களும் உதவினார்கள். 2003-ல் 13 பள்ளிகளில் தொடங்கியது, அடுத்த ஆண்டு மாநகராட்சியின் 264 தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு மாறிய பின் 2007-08-ல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. செயல்வழிக் கற்றல் என்று ஆணைகளில் எழுதினார்கள். ஆசிரியர்கள் வாயில் அது ஏ.பி.எல்.

நொச்சிக்குப்பம், டுமீங்குப்பம், சீனிவாசபுரத்துப் பிள்ளைகள் படித்த மாநகராட்சிப் பள்ளிகளும் அந்த 264-ல் அடங்கியவை. பெஞ்சு வெளியே போய்ப் பாய் உள்ளே வந்தது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். பிள்ளையின் உயரத்துக்குச் சுவரின் அடிப்பாகத்தில் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவரவர் வரைந்த படம் தொங்கும். வருகைப் பதிவைப் பிள்ளையே குறிக்கும், வானிலை அட்டவணையையும் பிள்ளையே நிரப்பும். ஒன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே கூடத்தில் கலந்து, ஆறு குழுவாக உட்காரும்: ஆசிரியர் முழுதாக உதவும் குழு, பாதி உதவும் குழு, கூடப்படிக்கிற பிள்ளை முழுதாக உதவும் குழு, பாதி உதவும் குழு, தனியாகச் செய்யும் குழு, மதிப்பீட்டுக் குழு. குழந்தை வளர்ச்சி அறிஞர் எஸ். ஆனந்தலட்சுமி இந்தப் பள்ளிகளைப் பார்த்து 2007-ல் ஓர் அறிக்கை எழுதினார். பிரம்பு காணாமல் போயிற்று என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட முதல் மாற்றம். கடலுக்குப் போன அப்பாவோடு நாலு நாள் கரையில் நின்றுவிட்டு வந்த பையன், விட்ட படியிலிருந்தே தொடரலாம் என்பது இரண்டாவது. என் கணக்கில் அதுதான் பெரிது. வராத நாளுக்காக வகுப்பில் பின்தங்கியவன் என்ற பெயர் அவனுக்கு இனி கிடையாது.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதைப் புதுமை என்று அன்று பத்திரிகைகள் எழுதின. இதைவிடப் பழையது சென்னையில் எதுவும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்தது அதைத்தான். எழும்பூர் ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியில் ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை விட்டே கீழ்வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் அதை லண்டனில் அச்சிட்ட பிறகு, ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஆனால் போன இடத்தில் அது படைப் பயிற்சி மாதிரி ஆகிவிட்டது: மணி அடித்தால் எழு, மணி அடித்தால் எழுது. குறைந்த செலவில் அதிகப் பிள்ளைகள் என்பதே நோக்கமாகிவிட்டால் எந்த முறைக்கும் இந்தக் கதிதான்.

ஏ.பி.எல்.லுக்கும் அதே ஆபத்து வந்தது. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை தாமதம். ‘புக்கு எங்கே, ஹோம்வொர்க் எங்கே’ என்று அம்மாக்கள் வாசலில் நின்றார்கள். அட்டை எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதே சில ஆசிரியர்களுக்கு முழுநேர வேலையாயிற்று. கில்பாட்ரிக் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கலாம். எவ்வளவு வேகத்தில் ஏறுவது என்பது பிள்ளையின் விருப்பம். எந்த ஏணி என்பது பிள்ளையின் விருப்பமல்ல. செயல் இருந்தது, விசாரணைக்குப் போதுமான இடம் இருந்ததா?

சாந்தோம் கரைப் பையன் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அடையாற்று வாய் கோடையில் ஏன் மணல் மூடிக்கொள்கிறது? தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை இந்தக் குப்பங்களில் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் அதைத் தள்ளிவிட வலு இல்லாமல் வாய் அடைகிறது. ஐப்பசி வெள்ளம் வந்து உடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியதும், அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. மணல் கிடைக்காத வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. புவியியல், வரலாறு, கணக்கு, நீதி எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கின்றன. பாதி விடை பையனின் தாத்தாவுக்குத் தெரியும். ஏணியில் இதற்குப் படி இல்லை. மரக் கட்டைகளிலும் இதற்கு இடமில்லை. கொடைக்கானல் ஓடைக்கரையில் மாண்டிசோரி தொட்டது இந்த மாதிரி இடத்தைத்தான்.

2012-13-ல் முப்பருவ முறை வந்தது. ஏணியும் அட்டையும் எளிமையாக்கப்பட்டு மெல்லப் பின்னுக்குப் போயின. கொரோனா ஊரடங்கில் பள்ளி பூட்டிக் கிடந்த பிறகு 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். பாய்கள் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன, கீழ்க் கரும்பலகையும் அழியவில்லை. மாறியது பிள்ளைகளின் எண்ணிக்கை. ஏ.பி.எல். பாயில் உட்கார்ந்த தலைமுறையினர் பலர் தங்கள் பிள்ளைகளைக் கடன் வாங்கியாவது மெட்ரிக் பள்ளியின் எல்.கே.ஜி.யில் சேர்க்கிறார்கள். அந்த வாசல்களில் சிலவற்றில் மாண்டிசோரி போர்டு தொங்குகிறது.

அடுத்த இதழில் எட்வர்ட் எலியட்ஸ் சாலைக்கு, அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலைக்குப் போவோம். மாண்டிசோரி வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1937-ல், வி.என். சர்மாவும் அவருடைய ஜெர்மானிய மனைவி எலன் சர்மாவும் அங்கே சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளியைத் தொடங்கிவிட்டிருந்தார்கள்.